நூலகத்துக்கு வராதவர்கள்

கொழும்பில் நடந்த பயிற்சிப் பட்டறைக்கு எங்கள் பிரதேச சபையிலிருந்து என்னைத்தான் அனுப்பினார்கள். பல வகைப்பட்ட மக்கள் வாழும் இடங்களில் பொது நூலகம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதுதான் பொருள். இரண்டாம் நாள் வகுப்பெடுத்த பெண், "உங்கள் நூலகத்துக்கு யார் வருகிறார்கள் என்று சொல்ல வேண்டாம். யார் வருவதில்லை? அதைச் சொல்லுங்கள்" என்றார். மலையகத்திலிருந்து வந்தவர் எழுந்து, தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்கள் வருவதில்லை என்றார். கிழக்கிலிருந்து வந்தவர் வேறொன்று சொன்னார். என் முறை வந்தபோது, "எங்களிட்டை எல்லாரும் வருவினம்" என்றேன். அவர் மெல்லத் தலையை ஆட்டிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார்.

திரும்பி வந்த ரயிலில் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. எழுந்து கதவடிக்குப் போனேன், திரும்ப வந்து இருந்தேன், சாப்பாட்டுப் பொதியை அவிழ்த்துப் பாதியில் மூடினேன். யார் வருவினம்? முகங்களை ஒவ்வொன்றாக மனதில் கொண்டுவந்து பார்த்தேன். காலையில் பத்திரிகை வாசிக்க வரும் ஓய்வுபெற்றவர்கள். பாடசாலை விட்டதும் வரும், உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவர்கள். நாவல் எடுக்க வரும் சில ஆசிரியைகள். எல்லாருமே செம்மண் பக்கம், வெங்காயமும் புகையிலையும் போடுகிற ஊர்களின் ஆட்கள். எங்கள் நூலகம் இருப்பது தெல்லிப்பழையிலிருந்து கீரிமலைக்குப் போகிற பாதையில். வாசலில் நின்றால் காற்றில் உப்பு மணக்கும். அந்தக் கடற்கரைப் பக்கத்திலிருந்து எங்கள் வாசற்படி ஏறிய ஒருவரின் முகமாவது நினைவுக்கு வருகிறதா என்று வவுனியா தாண்டும்வரை யோசித்தேன். வரவில்லை.

நான் உடுப்பிட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருகிறவள். வேலை முடிந்ததும் ஓடிப் போய் பஸ் பிடிக்க வேண்டும். அதனால் அந்தக் கடற்கரையை நானும் பார்த்ததில்லை. ஊர் திரும்பிய அடுத்த நாள், மதியச் சாப்பாட்டை மேசையிலேயே வைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு வடக்கே நடந்தேன்.

பாதை முடிகிற இடத்தில் பாதி கட்டி முடித்த வீடுகளும் தகரக் கொட்டில்களும் இருந்தன. அநேகமானவர்கள் சண்டைக் காலத்தில் இந்தியாவுக்குப் போய், அங்கே முகாம்களில் வருடக்கணக்காக இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர்கள். ஒரு வேம்பின் கீழே தையல் இயந்திரத்தைப் போட்டு, முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் பள்ளிக்கூடச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"வீட்டுத் திட்டத்துக்கா மேடம் வந்திருக்கீங்க?"

"இல்லை, நான் நூலகத்திலை இருந்து வாறன்."

"லைப்ரரியா? இங்க லைப்ரரி இருக்கா?"

"ஓம். பெரிய ரோட்டிலை, மதவடிக்குப் பக்கத்திலை. நீங்கள் காணேல்லையோ?"

"அந்த பச்சை கேட்டா? அது ஏதோ ஆபீசுன்னு நெனச்சேன். எல்லாரும் பெரிய ஆளுங்களா உள்ள உக்காந்திருப்பாங்க." அவள் நூலை அறுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நாங்க வரலாமா?"

வரலாம் என்றேன். வாருங்கள் என்றும் சொன்னேன். அவள் அன்று மாலையே வந்துவிட்டாள்.

கையில் எடுத்த சட்டையைக்கூட முழுதாகத் தைத்து முடித்திருக்க மாட்டாள். நேரே அலமாரிகளுக்குப் போகாமல், முதலில் சுவரோரமாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். நான்கு வயதில் படகில் அக்கரைக்குப் போனதாகச் சொன்னாள். முகாமுக்கு அருகில் இருந்த பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்திருக்கிறாள். அங்கே கிளை நூலகத்தில் எடுத்துப் படித்த புத்தகங்கள்தான் தன்னைப் பைத்தியம் பிடிக்காமல் காப்பாற்றின என்றாள்.

"அங்க நான் 'ஓம்'னா புள்ளைங்க சிரிப்பாங்க. சிலோன்காரின்னு கூப்பிடுவாங்க. அம்மாகிட்ட ஒரு பேச்சு, வெளிய ஒரு பேச்சுன்னு பழகிட்டேன். இங்க வந்தா 'ஆமா'ன்னு சொன்னதுக்குச் சிரிக்கிறாங்க. கடைக்காரர் இந்தியாக்காரின்றார். என் பையனுக்கு ஸ்கூல்லயும் அதே பேர்தான்."

சொல்லும்போது அவளும் சிரித்தாள். எனக்குச் சிரிக்க வரவில்லை.

அங்கத்துவம் எடுக்க வேண்டும் என்றாள். அங்கேதான் சிக்கல் தொடங்கியது. எங்கள் சபையின் விதிப்படி, புத்தகம் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமானால் சபை எல்லைக்குள் சொந்தக் காணியோ வீடோ உள்ள ஒருவர் பிணை நிற்க வேண்டும். ஊழியர்கள் பிணை நிற்கக் கூடாது. அவள் இருந்த வீட்டுக்கு இன்னும் காணி உறுதிப் பத்திரம் கொடுக்கப்படவில்லை. அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் அதே நிலைதான். விதியை நான் எழுதவில்லை. ஆனால் அதை அவளுக்கு விளங்கப்படுத்தும்போது, என் குரல் நானே எழுதியது போலத்தான் கேட்டது.

"பரவால்ல, உக்காந்தே படிச்சிக்கிறேன்" என்றாள்.

வாசகர் வட்டத்தின் தலைவர் ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியர். எல்லாரும் மாஸ்ரர் என்றுதான் சொல்வோம். காலையில் கதவு திறக்க முன்பே வந்து நிற்பார். எங்கள் நூலகத்துக்கு வேலி அடைத்ததும், மின்விசிறி வாங்கித் தந்ததும் அவர் எடுத்த முயற்சியால்தான். ஊரில் பலருக்கு அவர் பிணை நின்றிருக்கிறார். அவரிடம் கேட்டேன்.

பத்திரிகையை மடிக்காமலே, "ஆர், உந்தத் தையல்காரப் பிள்ளையோ?" என்றார். "எந்தப் பக்கத்து ஆக்கள்?"

"கடற்கரைப் பக்கம், மாஸ்ரர். இந்தியாவிலை இருந்து வந்தவை."

"அதில்லைப் பிள்ளை. ஆற்றை ஆக்கள்?"

இந்தக் கேள்வி சாதியைக் கேட்கிறது என்பது யாழ்ப்பாணத்தில் பிறந்த எவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரியாதது போல, "எனக்குத் தெரியாது மாஸ்ரர்" என்றேன். அவர் பத்திரிகையின் பக்கத்தைப் புரட்டிவிட்டு, "தெரியாத ஆக்களுக்கு நான் கையெழுத்து வைக்கிறேல்லை" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

சில நாட்களில் அவர் வீட்டிலிருந்து தண்ணீர்ப் போத்தல் கொண்டுவரத் தொடங்கினார். அதற்கு முன், இப்போது அவளும் குடிக்கிற எங்கள் வடிகட்டியில்தான் பிடித்துக் குடிப்பார். அந்த மாதம் வெய்யில் கடுமை. வைத்தியர் கொதித்தாறிய நீர் குடிக்கச் சொல்லியிருக்கலாம். அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அவர் போத்தலைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் என் கண் அங்கே போனது. கேட்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. வீட்டில் மகன், "ஏனம்மா சோத்தைப் பிசைஞ்சபடி இருக்கிறியள்?" என்று கேட்டான்.

சும்மா இருக்க முடியாமல்தான் சனிக்கிழமை வாசிப்பைத் தொடங்கினேன். பத்து மணிக்குச் சிறுவர் பகுதியில் பாய் விரித்து, கதைப் புத்தகம் வாசித்துக் காட்டுவது. முதல் வாரம் நானே வாசித்தேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் வாரம் அவள் தன் மகளையும் அயல் வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிவந்திருந்தாள். நான் தடுமாறுவதைப் பார்த்துவிட்டு, "அக்கா, நான் ஒண்ணு வாசிக்கட்டா?" என்றாள்.

பஸ்ஸில் ஏறிய ஒரு ஆட்டைப் பற்றிய கதை அது. அவள் ஆடாகவும் நடத்துநராகவும் ஆட்டுக்கு இடம் கொடுக்காத பெண்ணாகவும் மாறி மாறிக் கதைத்தாள். கடைசியில் ஆடு டிக்கெட்டைத் தின்றபோது பிள்ளைகள் பாயில் உருண்டார்கள். உள்ளே படித்துக்கொண்டிருந்த உயர்தர மாணவிகள் எட்டிப் பார்த்தார்கள். அடுத்த சனிக்கிழமை பாய் போதவில்லை. செம்மண் பக்கத்துப் பிள்ளைகளும் கடற்கரைப் பிள்ளைகளும் முழங்கால் முட்ட இருந்தார்கள். அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது எனக்கு நித்திரை வந்தது. பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் பஸ்ஸில் தூங்கினேன்.

அந்த நிம்மதி அதிக நாள் நீடிக்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, வங்கியில் வேலை செய்யும் ஒரு தாய் என்னைத் தேடி வந்தாள்.

"அன்ரி, குறை நினையாதேங்கோ. பிள்ளை வீட்டிலை 'வர்றேன், போறேன்' எண்டு கதைக்குது. அப்பப்பாவைப் பாத்து 'வாங்க' எண்டுது. உங்களுக்கு வாசிக்க வேறை ஆக்கள் இல்லையே?"

"சின்னப் பிள்ளையள்தானே, அது கதையிலை வந்தது" என்றேன்.

"அதுதான் சொல்லுறன். எங்கடை தமிழ் கெட்டுப்போகும்."

அவளுடைய பிள்ளை ரி.வி. பார்ப்பதில்லையா, அதில் வருவது எந்த ஊர்த் தமிழ் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமை செம்மண் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளையும் வரவில்லை. பாயில் கடற்கரைப் பிள்ளைகள் மட்டும் இருந்தார்கள். அவள் பாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு வாசிக்கத் தொடங்கினாள். நடத்துநரின் குரல் வரவில்லை, எல்லாம் ஒரே குரலில் வந்தது.

நான் வாசலுக்கும் பாய்க்குமாக நடந்துகொண்டிருந்தேன். இத்தனை நாள் கடற்கரைப் பக்கம் வரவில்லை. இப்போது அவர்கள் வந்ததும் மற்றவர்கள் போய்விட்டார்கள். பட்டறையில் கொடுத்த குறிப்பில் இதற்கு ஒரு வழியும் சொல்லப்படவில்லை. வரவேற்பு வாசகத்தை மும்மொழியிலும் எழுதித் தொங்கவிடச் சொல்லியிருந்தார்கள். நான் அதைச் செய்து முடித்து நாளாகிவிட்டது.

அந்த வாரம்தான் மாஸ்ரரும் அவளும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டார்கள். அவள் உட்கார்ந்து, தன் மகனுக்கு எட்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அவன் தேர்வில் குறைவாக எடுத்திருந்தான். பக்கத்து மேசையிலிருந்து மாஸ்ரர், "உது 'றி' இல்லை, 'ரி'. வடிவாய்ச் சொல்லிக் குடும்" என்றார். சிறிது நேரத்தில் இன்னொரு சொல்லைத் திருத்தினார். மூன்றாவது தடவை அவள் புத்தகத்தை மூடினாள்.

"ஐயா, நான் எங்க தமிழ் பேசணும்னு சொல்லுங்க. அங்க பேசினா உன் ஊருக்குப் போன்னாங்க. வந்துட்டேன். இங்க பேசினா தப்புன்றீங்க. நடுக் கடல்ல நின்னா பேசிட்டு இருக்க முடியும்?"

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் மண்டபத்தில் எல்லாரும் நிமிர்ந்தார்கள். அவளுடைய மகன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். நான் எழுந்து போனேன். இருவருக்கும் நடுவில் நின்றேன்.

மாஸ்ரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு அவளைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார். "என்ரை பேரப்பிள்ளையள் பிரான்சிலை. போனிலை கதைக்கேக்கை 'தாத்தா, சவா' எண்டு பிரெஞ்சிலை சுகம் கேப்பினம். அவ்வளவுதான். அதுக்கு மேலை எனக்கும் விளங்காது, அவைக்கும் விளங்காது. பிழையான தமிழெண்டாலும் கதைச்சினமெண்டால்…" முடிக்காமல் எழுந்து போய்விட்டார். அவள் மகனை எழுப்பிக்கொண்டு மறு வாசலால் போனாள். அவர் சொன்னது அவளுக்கான மன்னிப்பா, அவருடைய துக்கமா என்று எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை.

இரண்டு நாள் அவள் வரவில்லை. மூன்றாம் நாள் நான் மறுபடியும் குடையை எடுத்துக்கொண்டு போனேன். வேம்பின் கீழ் இயந்திரம் மூடிக் கிடந்தது. அவளுடைய தாய் வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத் தமிழ் மாறாமல் கதைக்கிற மனுசி.

"அவள் உள்ளை படுத்திருக்கிறாள். எழும்பமாட்டன் எண்டுறாள். திரும்பப் போவம் எண்டுறாள். எங்கை போறது? எனக்கு இங்கை காணி இருக்கு."

"எங்கையம்மா காணி?"

கத்தியாலேயே மேற்குப் பக்கம் காட்டினார். "உங்கை. கம்பிக்கு அங்காலை. கிணத்தோடை நாலு பரப்பு. என்ரை சீதனக் காணி. ஆமிக்காரர் இன்னும் விடேல்லை. உறுதி என்னட்டைத்தான் இருக்கு, அக்கரைக்கும் கொண்டு போய்க் கொண்டு வந்தனான்."

எனக்குச் சட்டென்று விளங்கியது. சபை எல்லைக்குள் சொந்தக் காணி உள்ள ஒருவர் என்பதுதான் விதி. அந்தக் காணிக்குள் கால் வைக்க முடிய வேண்டும் என்று அதில் எங்கேயும் இல்லை.

அடுத்த நாள் தாயைக் கூட்டிக்கொண்டு சபைச் செயலாளரிடம் போனேன். அவர் உறுதியை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். "உதுக்கு வரி கட்டுறேல்லையே" என்றார். "நீங்கள் வரி கேட்கவும் இல்லையே, கேட்டால் கட்ட உள்ளை விடுவினமோ?" என்று தாய் கேட்டார். செயலாளர் என்னைப் பார்த்தார். நான் வேறெங்கும் பார்க்கவில்லை. கணக்குப் பரிசோதகர் கேட்டால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும் என்றார். ஓம் என்றேன். தாய் பிணையாளராகக் கையெழுத்து வைத்தார், மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக. வெளியே வந்ததும், "உள்ளை போக விடாட்டிலும் அந்தக் காணி ஏதோ ஒண்டுக்கு உதவிச்சுது" என்றார்.

அங்கத்துவ அட்டையைக் கொடுத்தபோது அவள் அதை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தாள். நன்றி சொல்லவில்லை. "சனிக்கிழமை யாரும் வர மாட்டாங்கக்கா" என்றாள். வராவிட்டாலும் பாய் விரிப்பேன் என்றேன். கடற்கரைப் பிள்ளைகளுக்கு மட்டும் அவள் வாசித்தாள். நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் வீதியைப் பார்த்தபடி இருந்தேன்.

ஆடி அமாவாசை வந்தது. அன்று கீரிமலைக் கேணியில் நீராடி, இறந்த தகப்பன்மாருக்குப் பிதிர்க்கடன் செய்யக் குடாநாடு முழுவதிலுமிருந்து சனம் வரும். பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை. எங்கள் வாசல் வழியாக விடியற்காலையிலிருந்து பஸ்ஸும் வானும் சைக்கிளுமாகப் போனது. வழக்கமாக அன்று நூலகத்துக்கு ஒருவரும் வர மாட்டார்கள். நான் அலுவலகக் கதிரையில் நிலைகொள்ளாமல் இருந்து, கடைசியில் வாசற்கதவுகளை அகலத் திறந்து, தண்ணீர்ப் பீப்பாயை வெளியே தூக்கி வைத்தேன். வாகனங்கள் நெரிந்து பாதை அடைபட்டுவிட்டது. வெய்யில் ஏற ஏற, நடந்து போன குடும்பங்கள் நிழலுக்கு ஒதுங்கத் தொடங்கின. ஆண்கள் கேணிக்குப் போக, பெண்கள் பிள்ளைகளோடு உள்ளே வந்து மின்விசிறியின் கீழ் இருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் சிறுவர் பகுதி அழுகையும் இழுபறியுமாக நிரம்பியது.

அவளும் வந்திருந்தாள். மகனை அவனுடைய இறந்த தகப்பனுக்குக் கடன் செய்யத் தன் தாயோடு அனுப்பிவிட்டு, சின்னவளோடு உள்ளே ஒதுங்கியிருந்தாள். அழும் குழந்தை ஒன்றைப் பார்த்தாள். பிறகு நான் சொல்லாமலே ஒரு புத்தகத்தை உருவி எடுத்தாள். முதலில் இரண்டு பிள்ளைகள் திரும்பின. பிறகு நான்கு. தொடர்ந்து சத்தம் அடங்கியது. எந்தப் பிள்ளை எந்தப் பக்கத்துப் பிள்ளை என்று அன்று எனக்கே தெரியவில்லை. வேட்டியும் திருநீறுமாகக் கேணியிலிருந்து திரும்பிய தகப்பன்மார் வாசலில் நின்று எட்டிப் பார்த்து, கூப்பிடாமல் அங்கேயே காத்து நின்றார்கள். பின்வரிசையில் வங்கியில் வேலை செய்யும் அந்தத் தாயும் நின்றாள். அவளுடைய மகள் எப்படியோ முன்வரிசைக்குப் போய்விட்டிருந்தாள். கதை முடியும்வரை அவள் மகளைக் கூப்பிடவில்லை. முடிந்ததும் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள்.

அடுத்த சனிக்கிழமை அந்தப் பிள்ளை வந்தது. வேறு சிலரும் வந்தார்கள். வராத குடும்பங்களும் உண்டு, இன்றுவரை வரவில்லை. மாஸ்ரர் வாசிப்பு நேரத்தில் பத்திரிகையோடு தூரத்துக் கதிரையில் இருப்பார். அவளோடு நேரே கதைப்பதில்லை. ஒரு தடவை அவளுடைய மகனைக் கூப்பிட்டு இலக்கணம் சொல்லிக் கொடுத்தார். இன்னொரு தடவை கூப்பிட்டபோது அவன் போகவில்லை. நான் ஒருவரையும் வற்புறுத்தவில்லை.

ஒரு நாள் பஸ் தெல்லிப்பழை ஆஸ்பத்திரியடியில் நின்றபோது, வெள்ளைச் சீருடையில் தாதியர் சிலர் சிங்களத்தில் கதைத்துக்கொண்டு ஏறினார்கள். தெற்கிலிருந்து வேலைக்கு வந்து, விடுதியில் தங்கியிருக்கும் பிள்ளைகள். இவர்களை நான் எத்தனை நாளாகப் பார்க்கிறேன்! அன்று வேலையில் மனம் ஒட்டவில்லை. மாலை பஸ்ஸை விட்டுவிட்டு விடுதி வாசலுக்குப் போனேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் ஒரு வசனத்தை வழியெல்லாம் சொல்லிப் பார்த்திருந்தேன். கதவைத் திறந்தவளுக்கு என் மகளாக இருக்கும் வயது. அவளைக் கண்டதும் வசனம் மறந்துபோய் நின்றேன்.

அவள் என் முகத்தைக் கவலையோடு பார்த்து, தமிழில் கேட்டாள். "அம்மா, எங்க நோகுது?"

வார்டில் நாள் முழுக்கக் கேட்கிற கேள்வி. அவளுக்கு வந்த தமிழ் அதுதான். நோவில்லை, நான் நூலகத்திலிருந்து வருகிறேன் என்று அரைச் சிங்களத்திலும் கையாலும் சொன்னேன். விளங்கியதும் அவள் சிரித்தாள். தமிழ் கற்க வேண்டும், சின்னப் புத்தகமாக இருந்தால் நல்லது என்றாள். நோயாளிகளிடம் கேட்கத் தெரிகிறது, அவர்கள் திருப்பிச் சொல்வதுதான் விளங்குவதில்லை என்றாள். சனிக்கிழமை வரச் சொன்னேன்.

வந்தாள். பிள்ளைகளுக்குப் பின்னால், பாயின் ஓரத்தில் கால் மடித்துச் சப்பாணி கட்டி இருந்தாள். கடற்கரைப் பெண் வாசிக்க, இவள் உதட்டை அசைத்து அசைத்துச் சொல்லிப் பார்த்தாள். போகும்போது படப் புத்தகம் ஒன்றைக் காட்டி, கொண்டுபோகலாமா என்று கேட்டாள். பிணை யார் என்று நான் கேட்க வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் அவள் வரவில்லை. இரவு வேலையாக இருக்கலாம். செயலாளரிடம் மறுபடியும் போக வேண்டும். விதியையே மாற்றச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கடற்கரைப் பெண் சொல்கிறாள், நானும் வருகிறேன் என்கிறாள். இந்தத் திங்கட்கிழமை போகிறோம்.